புயலும் பெறவேண்டிய அனுமதி

கூரைக்கு எதற்கு அனுமதி என்று விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் இன்னும் சிலர் கேட்பது வருத்தமளிக்கிறது. காகிதத்தைவிட உறுதியான கூரை ஏது? 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையையே பாருங்கள். 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுவோர், விதிப்படிதான் கட்டுகிறோம் என்று தாங்களே சான்றளித்து, இணையத்தில் கட்டணம் செலுத்தினால் உடனடி அனுமதி. கட்டுமுன் அதிகாரி வந்து பார்ப்பதில்லையே என்பார்கள். பார்த்தால்தானே குறை தெரியும்!

மழை படிவத்துக்குக் காத்திருக்குமா என்பது அடுத்த ஆட்சேபம். குற்றம் மழையினுடையது. அதே ஆண்டு நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியது; திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் கொட்டியது. வரைபடம் இல்லை, இடிப்பு அனுமதி இல்லை, பக்கத்து மனைக்கு விடவேண்டிய இடைவெளிகூட விடவில்லை. அரசோ எதையும் அளந்துதான் செய்கிறது. கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீடு. அதில் 300-க்குக் கான்கிரீட் கூரை, மீதி 60-க்கு வேறு கூரை. இந்தக் கணக்கு புரியாத மழைதான் 360-லும் பெய்கிறது. சொந்த இடமோ பட்டாவோ இல்லாத குடிசைக்காரருக்கு இந்த வீடு கிடையாது. ஆனால் பறந்துபோன ஓலையை மாற்றி வேய அவரிடம் எவரும் வரைபடம் கேட்பதில்லை. கூரை விஷயத்தில் இந்த மாவட்டத்தில் முழுச் சுதந்திரம் பெற்றவர் அவர் ஒருவர்தான்.