பொனட்டுக்கு வார் கட்டின கதை

வேல்ஸ்,
2025 ஆகஸ்ட்

அன்புள்ள அண்ணனுக்கு,

"தம்பி ரேஸ் கார் வாங்கிட்டானாம், கூரைத் தகரத்துக்குத்தான் காசில்லையாம்" என்று நம்ம தோட்டத்துக் கீழ்க்கணக்கு முழுக்கப் பேச்சு என்றீங்க. போனில் பதில் சொல்ல முடியல்ல. அண்ணி பின்னால நின்று சிரிச்சது கேட்டுச்சு. அதனால எழுதுறேன். அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டும்போது சில இடத்தைத் தாண்டிடுங்க. எதுஎது என்று உங்களுக்கே தெரியும்.

அது வாங்கின கார் இல்ல. பக்கத்து வீட்டுத் தாத்தாவும் நானும் அவர் வீட்டுக் கொட்டிலில் எட்டு மாதமாகச் செஞ்சது. நான் அனுப்பின படத்தில்தான் பெரிசாத் தெரியுது. உள்ளே குந்தினால் முழங்கால் ரெண்டும் தாடையைத் தொடும். இறங்கிறதுக்கு ஆள் பிடிச்சு இழுக்கணும். முதியோர் இல்லத்தில் பகல் முழுக்க மற்றவங்களைத் தூக்கி உட்கார வைக்கிற எனக்கு, ஞாயிற்றுக்கிழமையில் எழுபத்தெட்டு வயது மனுசன் கைகொடுக்கிறார்.

இதுக்குப் பேர் சைக்கிள்கார்ட். 1990களில் கலிஃபோர்னியாவில் ஸ்டீவன்சன் என்ற குடும்பம் தொடங்கி வெச்ச பைத்தியம். 17 அங்குல மோட்டார்சைக்கிள் சில்லு நாலு. ஹொண்டாவின் 196 சீசீ என்ஜின் ஒன்று. மாணிக்கக் குழியில தண்ணி இறைக்கிற பம்புக்குப் பூட்டுவாங்களே, அந்த ஜாதி. ஆளை விட்டு வண்டி மட்டும் 250 றாத்தலுக்கு மேல போகக்கூடாது. இதெல்லாம் சரி. ஆனா பார்வைக்கு ரெண்டாம் உலக யுத்தத்துக்கு முந்தின ரேஸ் கார் மாதிரி இருக்கணும். எங்க வண்டி ஆஸ்டின் செவன் மாதிரி. 1922இல் சாதாரண சனமும் வாங்கட்டும் என்று இந்த நாட்டில் வந்த குட்டிக் கார்.

பழைய ரேஸ் கார் என்றால் பொனட்டுக்குக் குறுக்கே தோல் வார் கட்டியிருக்கணுமாம். நம்ம கொழுந்து லொறிக்குப் பொனட் பூட்டு உடைஞ்சு, ட்ரைவர் பழைய சேலைக் கிழிசலால் கட்டிக்கொண்டு திரிஞ்சாரே, ஞாபகமா? அதைப் பார்த்து ஸ்கூல் பிள்ளைகள் எல்லாம் சிரிச்சோம். இங்க அதுதான் அந்தஸ்து.

நான் புது வார் வாங்கிக் குடுத்தேன். "ரொம்பப் புதுசு" என்றார் தாத்தா. பழசாவே வாங்குவோமே என்றேன். பழசு விலை கூடவாம். உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சோம். பத்தல்ல. வாளி நிறையப் பிளேன்டீ ஊத்தி, வாரை அதில ஊறப்போட்டார். டப்பாவைப் பார்க்கிறேன், சிலோன் டீ. நம்ம பக்கத்துக் கொழுந்தோ யார் கண்டது, நாலு நாள் என் வார் அதில ஊறிச்சு. அதுக்குப் பிறகு மழையில் தொங்கப்போட்டார். இங்க பெய்றதை மழை என்கிறாங்க, இரத்தினபுரியில் பிறந்தவன் நான் ஒன்றும் சொல்லல்ல. கடைசியில் கொக்கி வெள்ளியாப் பளபளக்குதாம், பித்தளைதான் வேணுமாம். வாருக்கு மட்டும் மூன்று வாரம், அண்ணே. பிரேக்குக்கு ஒரு பின்னேரம்.

பழசு என்றால் இந்த ஊர்க்காரங்க உயிரை விடுவாங்க. டாலிலின் என்று ஒரு சின்ன ரயில் பாதை இருக்கு. மூடப் போறாங்க என்றதும் 1951இல் சனமே சம்பளமில்லாமல் சேர்ந்து ஓட்டத் தொடங்கி, இன்னும் ஓடுது. நம்ம ஓப்பநாயக்க ரயில் 1970களில் நின்றது. அதில் ஏறின கதையை அப்பா சொல்லித்தான் நமக்குத் தெரியும்.

அப்பா என்றதும் இன்னொன்று. இங்கிருந்து பஸ்ஸில் போற தூரத்தில் பார்கோட் என்ற ஊர். சுரங்கத்தில் நிலக்கரித் தூசி தின்று நெஞ்சு கெட்டவங்களுக்காக, ஆஸ்டின் கம்பெனி 1949இல் அங்க ஒரு தொழிற்சாலை திறந்தது. பெரிய கார் செஞ்சு மிஞ்சின தகரத்தை வெட்டி, பிள்ளைகள் மிதிச்சு ஓட்டுற ஜே40 காரை அவங்கதான் செஞ்சாங்க. ஹோர்ன், லைட் எல்லாம் உண்டு. 1971 வரைக்கும் ஏறத்தாழ 32,000 கார். தேயிலை ஸ்டோர் தூசியில் அப்பாவுக்கு இருமல் பிடிச்சப்போ தோட்டம் என்ன குடுத்தது என்று உங்களுக்குத் தெரியும். இந்த இடத்தை அம்மாவுக்கு வாசிக்காதீங்க.

செலவு கேட்டீங்க. சொல்ல மாட்டேன். சொன்னா உடனே தோட்டத்து நாள் சம்பளத்தால் வகுத்து, எத்தனை நாள் வேலை என்று கணக்குப் போட்டு, ராத்திரி தூங்க மாட்டீங்க. நான் போட்டுப் பார்த்தேன், தூங்கல்ல. லயத்துக் கூரை ஒழுகிறப்போ இங்க உட்கார்ந்து தகரம் வளைச்சுக்கொண்டிருந்தேன் என்று வெட்கமாவும் இருக்கு. இந்த மாதம் கூடுதல் டியூட்டி கேட்டிருக்கேன். பதினைந்தாம் திகதிக்குள் காசு வரும், தகரத்துக்குச் சொல்லி வையுங்க.

போன ஞாயிறு வெள்ளோட்டம். ரோட்டில் ஓட்டக்கூடாது, இந்தக் காரைக் கொண்டு போக இன்னொரு கார் வேணும். தாத்தாவுக்குத் தெரிஞ்சவர் ஒருத்தருடைய செம்மறிப் புல்வெளியில் இறக்கினோம். "உங்க ஊரில் இதெல்லாம் உண்டா?" என்றார் தாத்தா. நுவரெலியாவில் 1934இலிருந்து மஹாகஸ்தோட்ட மலையேற்ற ரேஸ் நடக்குது என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். நாம அதைப் பார்க்கப் போனதே இல்ல என்பதைச் சொல்லல்ல. பிறகு சரிவில் விட்டேன். பாதி வழியில் டீயில் ஊறின வார் பிய்ஞ்சு, பொனட் எழும்பி முகத்துக்கு நேரே நின்றது. ஒன்றும் தெரியல்ல. வேலியில் போய் நின்றேன். ஆடு ஒன்று வந்து பார்த்துட்டுப் போச்சு. ஓடி வந்த தாத்தாவுக்கு ஒரே சந்தோசம்: அந்தக் காலத்திலும் அப்படித்தான் பிய்யுமாம்!

வேலிக்குள் கிடந்தப்போ ஸ்டோர் ரோட்டுதான் ஞாபகம் வந்தது. நீங்க தள்ள, நான் கயிற்றைப் பிடிக்க, பேரிங்கைச் சில்லாப் பூட்டின நம்ம வண்டி நேரே கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குள் போய்க் கொழுந்துச் சாக்கில் முட்டினது. கங்காணி கிழிச்ச கிழியும், ராத்திரி அம்மா கையில் விறகுக் கட்டையும்.

அந்த நாலு பேரிங்கும் இன்னும் பரணில் இருக்கா? இருந்தால் மண்ணெண்ணெயில் கழுவி உங்க பையனுக்குக் குடுங்க. பிரேக் வெச்சுக் குடுங்க.

அன்புத் தம்பி