லைவ் பாருங்க சார்

கல்யாணப் பந்தியில் ரசத்துக்குக் காத்திருக்கும்போது பக்கத்து இலையிலிருந்து செல்போனை நீட்டி, "இப்ப எங்க வீட்டு வாசல், லைவ் பாருங்க சார்" என்பாரே, அவர்தான். காட்டுவதற்கு அங்கே ஒன்றும் இருக்காது. ஒரு பைக், ஒரு துளசிச்செடி, அசையாத கேட். இடது கை விரலால் பெரிதாக்கி, "பூட்டியிருக்கு பாருங்க" என்று பூட்டையும் காட்டுவார். அடுத்து மாடி, அடுத்து கொல்லைப்புறம். பாயசம் வருவதற்குள் தண்ணீர்த் தொட்டிவரை சுற்றிப் பார்த்திருப்போம். கேமரா பாஸ்வேர்டை மாற்றினீர்களா என்றால் மட்டும், "அதெல்லாம் மாட்டின பையன் போட்டுட்டுப் போனதுதான்" என்பார். பையன் ஒன்றும் போடவில்லை. அட்மின், 12345 என்று பெட்டியிலேயே வந்ததுதான் இன்னும் இருக்கிறது.

"நம்ம வாசலைப் பார்த்து எவனுக்கு என்ன ஆகப்போகுது?" என்பது அவருடைய நிரந்தர வாதம். அந்த வாசலை யாரும் விரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்பதைப் பந்தியில் உட்கார்ந்த எவரும் ஒப்புக்கொள்வார்கள். திருடனுக்கு வேண்டியது கேமராவின் படமல்ல, அதற்குள் இருக்கும் குட்டிக் கணினியும் இணைய இணைப்பும். 2016இல் பரவிய மிராய் என்ற மால்வேர், கேமரா, டிவிஆர், ரவுட்டர் என்று இணையத்தில் அகப்பட்டவற்றிலெல்லாம் சுமார் 60 பெயர்-பாஸ்வேர்டு ஜோடிகளைப் போட்டுப் பார்த்தது. எல்லாம் கம்பெனிகள் வைத்து அனுப்பியவை. உச்சத்தில் சுமார் 6 லட்சம் கருவிகள் அதன் கைக்குள் போயின. அக்டோபர் 21 அன்று இப்படிப் பிடிபட்ட கருவிகள் இணையதளப் பெயர்களை முகவரிகளாக மாற்றித் தரும் டைன் என்ற நிறுவனத்தின் சர்வர்களை மொய்க்க, ட்விட்டரும் நெட்ஃபிளிக்ஸும் அமெரிக்காவில் பலருக்கும் திறக்கவில்லை. மிராயை எழுதியவர்கள் யாரோ உளவாளிகள் அல்ல, மூன்று அமெரிக்க இளைஞர்கள். 2017 டிசம்பரில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள்.

"ஆனா என் கேமரா நல்லாத்தானே ஓடுது?" ஓடும். மால்வேர் புகுந்த கேமராவும் துளசிச்செடியை ஒழுங்காகவே காட்டும். எப்போதாவது படம் திக்கினால் சுவிட்சை அணைத்துப் போட்டு, "சரியாயிடுச்சு" என்று நெஞ்சை நிமிர்த்துவார். உண்மையில் சரியாகத்தான் ஆகும். மிராய் தற்காலிக நினைவகத்தில் மட்டுமே தங்குவதால் மின்சாரம் போனால் அதுவும் போய்விடும். பாஸ்வேர்டு பழையதாகவே இருப்பதால் சில நிமிடங்களில் திரும்பவும் வந்துவிடும்.

கம்பெனிக்காரன் குற்றத்துக்கு அவரைத் திட்டலாமா என்று கேட்பீர்கள். நியாயம்தான். சில கருவிகளில் பாஸ்வேர்டை வாங்கியவரால் மாற்றவே முடியாதபடி உள்ளேயே எழுதி வைத்திருந்தார்கள். எல்லாப் பெட்டிக்கும் ஒரே பாஸ்வேர்டு போட்டு விற்பதை பிரிட்டன் 2024 ஏப்ரல் 29 முதல் சட்டப்படி தடுத்திருக்கிறது. ஆனால் நம்மவரிடம் இருப்பது மாற்றக்கூடிய கேமரா. பூட்டைப் பெரிதாக்கிக் காட்டும் நேரத்தில் மாற்றிவிடலாம். அதைச் செய்யாத இவரைத்தான் அடுக்ககச் சங்கத்துக்குச் செயலாளராக்கி வைத்திருக்கிறார்கள். வளாகம் முழுக்க 16 கேமரா மாட்டியாகிவிட்டது. பாஸ்வேர்டை வாட்ச்மேன் அறைச் சுவரில் ஒட்டியிருக்கிறார். செலவை மாதச் சந்தாவில் ஏற்றிவிட்டார்.