ரேமுக்கு ரப்பர்

டெஸ்க்டாப்பில் ரேம் கூட்டுவது எப்படி என்பதைத்தான் இந்தக் கட்டுரை விளக்கப்போகிறது. அதற்கு முன்னால் ரப்பரைப் பற்றிக் கொஞ்சம்.

இரும்பை என்ற ஊரைச் சேர்ந்த ஒருவரின் பழைய கணினிக்குப் போன வாரம் கூடுதலாக ஒரு ரேம் போட்டார்கள். திரை இருண்டது; பெட்டி மட்டும் விட்டு விட்டுப் பீப் அடித்தது. பக்கத்து வீட்டுப் பையன், திண்டிவனத்திலிருந்து வந்த மெக்கானிக், கரண்ட் கணக்கெடுக்க வந்தவர் என மூன்று பேரும் ஒரே மருந்தைச் சொன்னார்கள்: "ரேமைக் கழட்டி ரப்பர் போட்டுத் தேய்ங்க சார், வந்துரும்."

எந்த ரப்பர்? அங்கேதான் அபிப்பிராய பேதம். வெள்ளை ரப்பர்தான் உத்தமம் என்பது ஒரு கட்சி. பாதி சிவப்பு, பாதி நீலம் என்று வருமே, அதில் நீலப் பக்கம்தான் என்பது எதிர்க்கட்சி. மையை அழிக்கும் என்று நம்ப வைத்து நம் எல்லோர் நோட்டிலும் ஓட்டை போட்ட அதே நீலப் பக்கம்! தேய்த்ததும் வாயால் ஊத வேண்டும். எச்சில் ஈரம் கணக்கில் வராது. பிறகு வேட்டி நுனியால் ஒரு துடைப்பு. கணினி கிளம்பினால் புகழ் ரப்பருக்கு. கழற்றி மாட்டியதிலேயே சரியாகியிருக்கலாம் என்று யாரும் யோசிப்பதில்லை.

தேய்க்கப்படுவது தங்கம் ஐயா. ஒரு மைக்ரான்கூட இல்லாத பூச்சு. தங்கம் துருப்பிடிக்காது என்பதால்தான் பூசுகிறார்கள். அதைச் சுரண்டிவிட்டால் கீழே நிக்கல், அதற்கும் கீழே செம்பு. இதுவோ கடற்காற்று அடிக்கிற ஊர். மரக்காணத்துப் பாத்தியில் உப்பு விளைய வெயில் வேண்டும். கணினிக்குள் விளைய ஃபேன் ஒன்றே போதும். பிசுக்கு இருந்தால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைக்கலாம். சொன்னால் ஒருமாதிரி பார்க்கிறார்கள்.

ரேமில் இருக்கும் இந்த வகை மெமரியை ஐபிஎம்மில் இருந்த ராபர்ட் டெனார்ட் 1966-இல் யோசித்தார். 1968-இல் காப்புரிமை கிடைத்தது. அதில் ரப்பர் கிடையாது. அதே இரும்பை ஊரின் மாகாளேஸ்வரர் கோயிலில், கடுவெளிச் சித்தர் கோபத்தில் பாட, லிங்கம் மூன்றாக வெடித்தது என்கிறது தல வரலாறு. செப்புத் தகடு சுற்றித்தான் சேர்த்து வைத்திருக்கிறார்கள். அங்கேயும் ரப்பர் கிடையாது.

விலை தனி வயிற்றெரிச்சல். ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போக, 2025 கடைசியில் ரேம் விலை எகிறியது. க்ரூசியல் என்ற பெயரில் நமக்கெல்லாம் விற்றுவந்த மைக்ரான் நிறுவனம், அந்த வியாபாரத்தையே விடுவதாக அந்த டிசம்பரில் அறிவித்தது. அந்த விலைக்கு வாங்கியதைத்தான் நீலப் பக்கத்தால் தேய்க்கிறார்கள்.

கடைசியில் மெக்கானிக் கட்டை விரலால் ஒரு அழுத்து அழுத்த, ஓரக் கிளிப் 'டக்'கென்று பூட்டிக்கொண்டது. கணினி கிளம்பியது. 8 ஜிபி இருக்கிறது, பயன்படுவது 3 சொச்சம் என்று விண்டோஸ் காட்டியது. 32 பிட் விண்டோஸுக்கு 4 ஜிபிக்கு மேல் கை எட்டாது.

"அதுக்கு ஓஎஸ் மாத்தணும் சார். அது தனி சார்ஜ்."