இஸ்திரி வண்டியும் உள்ளூர்த் தேடலும்: மரம் கழிப்போர் முன்வரிசைக்கு வருவது குறித்து ஓர் ஆய்வு

சென்னையில் கிளை கழித்துப் பிழைக்கும் ஒருவர், அக்கம்பக்கத்தார் தேடும்போது தன் பெயரே முதலில் வர என்ன செய்ய வேண்டும் என்பது இக்கட்டுரையின் வினா. உள்ளூர்த் தொழில்களைப் பொருத்தம், தூரம், பிரபலம் என்ற மூன்றைப் பார்த்தே வரிசைப்படுத்துவதாகக் கூகுள் சொல்கிறது. கொள்கை குற்றமற்றது, ஆனால் பழையது. இம்மூன்றும் ஒருங்கே வாய்த்த தேடுபொறி தெருமுனையில் வெகுநாளாக நிற்கிறது. தள்ளுவண்டியில் துணி தேய்க்கும் இஸ்திரிக்காரரே அது. பொருத்தத்தைப் பாருங்கள்: வண்டி நிற்பது மரத்தடியில், தேடுபொருள் அவர் தலைக்கு மேலேயே இருக்கிறது. தூரம்: கடையில்லாத தொழிலாளி தன் முகவரியை மறைத்துவிட்டு 20 பகுதிகள் வரை தன் எல்லையாகக் குறித்துக்கொள்ளக் கூகுள் இடம் தருகிறது. அடையாறையும் அம்பத்தூரையும் ஒரே மூச்சில் குறித்தவர், ஏணியும் கயிறுமாக எந்த மொபெட்டில் எப்போது வந்து சேர்வார் என்பதை அது ஆராய்வதில்லை. இஸ்திரிக்காரரோ நாலு தெருவுக்கு மேல் பேசமாட்டார். பிரபலத்தைப் பொறுத்தவரை, கழித்த கிளையை அள்ளாமல் போனவர் யார், கூலியில் பாதியைப் பிடித்துக்கொண்ட வீடு எது என்ற இருதரப்பு மதிப்புரையும் அவரிடம் உண்டு. கூகுளில் இரண்டாவது வகை கிடையாது.

காசு கொடுத்து உள்ளூர் வரிசையில் ஏற முடியாது என்கிறது கூகுள். இஸ்திரிக்காரர் ஒரு டீக்குச் சாய்ந்துவிடுவாரே என்று சிலர் மறுப்பர். சாயலாம். ஆனால் அவர் சொல்லி வந்தவர் கிளையைத் தண்ணீர்த் தொட்டிமேல் தள்ளினால், மறுநாள் அதே வீட்டுக்கு மடித்த புடவையோடு போக வேண்டியவரும் அவரே. அவசரத்துக்கு உதவமாட்டார் என்பது அடுத்த மறுப்பு. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் நகரெங்கும் மரங்களைச் சாய்த்தபோது மின்சாரமும் கைபேசித் தொடர்பும் சேர்ந்தே படுத்தன. கரிப்பெட்டிக்கு இரண்டும் தேவையில்லை.

வலுவான மறுப்பு ஒன்றுதான்: மரம் போனால் அவருக்கு நிழல் போகும், தன்னலமுள்ளவர் நடுநிலையாகப் பரிந்துரைப்பாரா? மாட்டார். அவருடைய சிறப்பே அதுதான். அளவாகக் கழிப்பவர் பெயர் அவர் நாக்கு நுனியில் இருக்கும். அடியோடு சாய்ப்பவர் எண்ணைக் கேட்டால் “எங்கேயோ குறிச்சு வெச்சேன் சார்” என்பார். எந்த மென்பொருளும் இவ்வளவு நுட்பமாகச் சலிப்பதில்லை. ஆகவே மரம் கழிப்பவர் தன் விவரத்தைக் கூகுளில் ஏற்றட்டும், தடையில்லை. கூடவே வாரம் இரண்டு சட்டையை அந்த வண்டியில் தேய்க்கக் கொடுக்கட்டும். மரம் ஏறுகிறவர் தேய்த்த சட்டை போடுவாரா என்று கேட்பார்கள். போட வேண்டும் என்று இவ்வாய்வு எங்கும் சொல்லவில்லை.