பிணை நின்ற பித்தளை

உறுதியே சகல வஸ்துக்களுக்கும் உத்தம லட்சணம் என்று நம்புகின்ற ஒரு பிரதேசத்தில், முறிந்துபோவதையே தன் கடமையாகக் கொண்ட ஒரு சின்னஞ்சிறு பின்னுக்காக வாதாடுவது எத்துணைச் சிரமமான காரியம் என்பதை, ஏ9 வீதியோரத்துப் புளியங்குளத்தில் மாதிரிப் படகு விடுகின்ற என்னைக் கேட்டால் விஸ்தாரமாகச் சொல்வேன்.

மோட்டரின் தண்டையும் விசிறித் தண்டையும் இணைக்கும் கப்ளிங்கிலே குறுக்காகத் துளையிட்டு நான் செருகியிருப்பது மெல்லிய பித்தளைக் கம்பி. தாமரைக்கொடியோ சல்வீனியாவோ விசிறியில் சுற்றிக்கொள்ளுமானால், மோட்டர் திணறிச் சூடேறி அதன் செப்புச் சுருள் கருகுவதற்கு முன்னதாக, சங்கக் கடன் எடுத்தவர் சுகமாய் நடமாட அவருக்குப் பிணை நின்றவர் அகப்படுவது போல, இந்தப் பித்தளை அறுந்து மோட்டரைக் காப்பாற்றும். கடலில் ஓடும் சிறிய அவுட்போட் எஞ்சின்கள் பலவற்றிலும் இதே காவல்தான். பாரிலே விசிறி மோதினால் போவது பின், பல்சக்கரம் அன்று.

இவ்வளவையும் சைக்கிள் கடை அண்ணை பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்ததும் ஓர் உருக்குச் சைக்கிள் கம்பியை எடுத்து வெட்டத் தொடங்கினார்.

"இதைப் போடும் தம்பி. உம்முடைய பேரப்பிள்ளை காலத்திலும் முறியாது."

முறியாது என்பதே அதன் குற்றம் என்றேன். கடையில் நின்ற சகலரும் என்னை அனுதாபத்தோடு நோக்கினார்கள். பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயிலேயே மோட்டார்சைக்கிள் ஓட்டிய சனங்களிடம், ஒரு பொருளை வேண்டுமென்றே முறியவிடலாம் என்பது பாவப் பேச்சல்லவா? கம்பியின் விட்டம் பாதியானால் அதை அறுக்கும் விசை காற்பங்காகிவிடும் என்ற கணிதமும் அங்கே எடுபடவில்லை.

எனினும் பின்னைக் கழலாமல் காப்பது வேறு வித்தை. இறுக்கி அடித்தால் அறுந்த துண்டு துளையைவிட்டு வராது. தளர விட்டால், அறுவதற்குள்ள அவகாசத்தையும் கொடாமல் அதிர்விலேயே நழுவி, குளத்துச் சேற்றில் சமாதியடைந்துவிடும். பசைகளைப் பற்றி நான் பிரசங்கித்துக்கொண்டிருக்கையில், அண்ணை வால்வு ரியூப்பில் ஒரு துண்டை வெட்டி, இழுத்து விரித்து, கப்ளிங்கின் மேல் உறையாக மாட்டினார். பின்னின் இரு நுனிகளும் அடங்கின. புதுப் பின் போடவேண்டுமானால் உறையைச் சுருட்டி ஒதுக்கினால் போதும். சாஸ்திரத்தை ஒப்பாத மனிதரே அதற்கு ஆகச் சிறந்த காவலையும் செய்து தந்தார்.

ஆகையால், உருக்குக் கம்பியும் கையுமாக என் வீட்டுப் படலையைத் திறக்கும் அன்பர்களே, வால்வு ரியூப் இருந்தால் கொண்டுவாருங்கள். கம்பியைச் சைக்கிளிலேயே விட்டுவிடுங்கள்.