ஓட்டை உடைசல் தோழர்கள்

இந்த வாரக் கேள்விகள் பெரும்பாலும் ஒரே புத்தகத்தைப் பற்றியவை. 1900இல் சிகாகோவில் வெளிவந்த, எல். ஃபிராங்க் பாம் எழுதிய 'தி ஒண்டர்ஃபுல் விஸார்ட் ஆஃப் ஆஸ்'.

கே: மூளை இல்லாத சோளக்கொல்லை பொம்மை, இதயம் இல்லாத தகர மனிதன், தைரியம் இல்லாத சிங்கம். கடைசியில் 'எல்லாம் உங்களிடமே இருந்தது' என்று முடிகிற கதைதானே? இதற்கா இத்தனை கொண்டாட்டம்?

ப: அந்த ஒரு வரிதான் கதை என்றால் நானும் கொண்டாட மாட்டேன். பாம் அதைவிடக் கெட்டிக்காரர். கசகசாப் பூக்காட்டுக்குப் போய்ப் பாருங்கள். அந்த வாசனையில், சூறாவளியில் சிக்கி ஆஸ் தேசத்துக்கு வந்துவிட்ட கான்சாஸ் சிறுமி டாரதியும் அவள் நாய்க்குட்டி டோட்டோவும் மயங்கித் தூங்கிப்போகிறார்கள். தப்பிக்கப் பாய்ந்தோடிய சிங்கமும் காடு முடிகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் சுருண்டு விழுகிறது. விழாமல் நிற்பவர்கள் பொம்மையும் தகர மனிதனும்தான். வைக்கோலையும் தகரத்தையும் வாசனை என்ன செய்துவிடும்? இருவரும் கைகளைக் கோத்து நாற்காலியாக்கி டாரதியைச் சுமந்து வெளியே கொண்டுவருகிறார்கள். சதையும் ரத்தமும் இல்லாத உடம்புதான் அங்கே அவளைக் காப்பாற்றுகிறது.

தேனீக்கள் வரும் இடம் இன்னும் அருமை. மேற்குத் திசைச் சூனியக்காரி ஏவிய கருப்புத் தேனீக்கள் கூட்டமாக வருகின்றன. பொம்மை யோசிக்கவே இல்லை. 'என் வைக்கோலை உருவி இவர்கள் மேல் போர்த்து' என்று தகர மனிதனிடம் சொல்லிவிடுகிறது. டாரதி, நாய், சிங்கம் மூவரும் அந்த வைக்கோலுக்குள் ஒளிந்துகொள்ள, தேனீக்களுக்குக் கொட்டக் கிடைத்தது தகரம் மட்டும். அத்தனையும் கொடுக்கு ஒடிந்து செத்தன. பிறகு உருவிய வைக்கோலைத் திரும்பத் திணித்துக்கொண்டு, நண்பர்கள் நடையைக் கட்டுகிறார்கள். இந்தப் புத்தகத்தில் நட்பு என்பது முழுக்கக் கைவேலை. எண்ணெய் விடுவது, வைக்கோல் அடைப்பது, ஒடுக்கு எடுப்பது. ஒருவரை ஒருவர் பாராட்டிப் பேசும் நட்பைவிட எனக்கு இந்த நட்பின் மேல்தான் மதிப்பு அதிகம்.

கே: நால்வரில் உங்கள் மனதுக்கு நெருக்கமானவர் யார்?

ப: தகர மனிதன். அவன் பிறவித் தகரம் அல்ல. மரம் வெட்டிப் பிழைத்த மனிதன். ஒரு பெண்ணைக் காதலித்தான். அந்தத் திருமணத்தைத் தடுக்க, அவளை வேலைக்கு வைத்திருந்த கிழவி வேறொரு சூனியக்காரியிடம் போனாள். கூலி, இரண்டு ஆடும் ஒரு மாடும். மந்திரித்த கோடரி அவன் கையிலிருந்தே நழுவி ஒரு காலை வெட்டியது. பிறகு இன்னொரு கால், கைகள், தலை, கடைசியில் உடல். ஒவ்வொன்று போகும்போதும் ஒரு தகரக் கொல்லர் புதிதாகச் செய்து பொருத்தினார். உடலோடு இதயம் போயிற்று, இதயத்தோடு காதலும் போயிற்று. பிறகொரு நாள் மழையில் நனைந்து, துருப்பிடித்து, ஓங்கிய கோடரியோடு ஒரு வருடத்துக்கும் மேல் காட்டில் நின்றிருக்கிறான். இதயம் இல்லை என்று சொல்பவன், வழியில் ஒரு வண்டை மிதித்துவிட்டதற்காக அழுகிறான். அழுத கண்ணீரில் தாடை துருப்பிடித்து வாய் திறக்க வரவில்லை. அவன் காட்டும் சைகை டாரதிக்குப் புரியவில்லை. எண்ணெய்க் குப்பியை எடுத்துத் தாடையில் விட்டது, மூளை இல்லாத பொம்மை!

கே: படத்தில் டாரதி காண்பதெல்லாம் கனவு. புத்தகத்திலுமா?

ப: இல்லவே இல்லை. 1939இல் வந்த எம்.ஜி.எம். படம் செய்த வேலை அது. டெக்னிகலரில் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று டாரதியின் வெள்ளிக் காலணியை மாணிக்கச் சிவப்பாக மாற்றினார்கள். அது சரி, கண்ணுக்கு அழகு. கனவாக்கியதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. புத்தகத்தில் ஆஸ் நிஜமான தேசம். கான்சாஸுக்குத் திரும்பி வரும்போது வெள்ளிக் காலணி பாலைவனத்தில் விழுந்து தொலைகிறது. டாரதி காலுறையோடு புல்லில் நிற்கிறாள். சூறாவளி கொண்டுபோன வீட்டுக்குப் பதிலாக மாமா புது வீடு கட்டி முடித்திருக்கிறார். கனவுக்குப் போய்வந்தவளுக்கு எதற்குப் புது வீடு? பின்னால் வந்த புத்தகங்களில் புயலடித்த கடல் வழியாகவும் நிலநடுக்கப் பிளவு வழியாகவும் மறுபடி மந்திர உலகங்களுக்குப் போகிறாள். 1910இல் வந்த ஆறாவது புத்தகத்தில் கடனில் மூழ்கிய மாமாவையும் அத்தையையும் அழைத்துக்கொண்டு அங்கேயே குடியேறிவிடுகிறாள்.

கே: ஆஸில் இருக்கும் மரகத நகரம் உண்மையிலேயே மரகதமா?

ப: வாசலிலேயே எல்லோருக்கும் பச்சைக் கண்ணாடி மாட்டிப் பூட்டிவிடுகிறார்கள். சாவி காவலாளியிடம்.

கே: மஞ்சள் கல் பாதை தங்கம், வெள்ளிக் காலணி வெள்ளி நாணயம், மொத்தமும் அன்றைய அமெரிக்க நாணயச் சண்டை என்கிறார்களே?

ப: 1964இல் ஹென்றி லிட்டில்ஃபீல்ட் என்ற பள்ளி ஆசிரியர் எழுதிய கட்டுரையிலிருந்து பரவியது. அழகாகப் பொருந்துகிறது, அதனாலேயே பாடப் புத்தகம் வரை போய்விட்டது. பாம் தன் முன்னுரையில் சொன்னது, குழந்தைகளை மகிழ்விக்க எழுதினேன் என்பது மட்டுமே. நான் அவர் பக்கம்.

கே: அதே பாம்தான் செவ்விந்தியர்களை அழிக்க வேண்டும் என்று எழுதினாராமே? எப்படி அந்த ஆளைக் கொண்டாடுகிறீர்கள்?

ப: எழுதினார். தெற்கு டகோட்டாவின் அபர்டீனில் நடத்திய பத்திரிகையில், 1890 டிசம்பரிலும், வூண்டட் நீ படுகொலை நடந்த சில நாட்களில் 1891 ஜனவரியிலும். பெண்களும் குழந்தைகளும் சுட்டுக் கொல்லப்பட்ட செய்தி சூடாறுவதற்குள், மிச்சம் இருப்பவர்களையும் தீர்த்துக்கட்டச் சொல்லும் தலையங்கம். இதற்குச் சமாதானம் கிடையாது. 'அந்தக் காலம் அப்படி' என்று நானும் சொல்லப் போவதில்லை. 2006இல் அவருடைய வழித்தோன்றல்கள் சூ பூர்வகுடி மக்களிடம் மன்னிப்புக் கேட்டார்கள். ஒரு வண்டின் சாவுக்கு அழத் தெரிந்த கற்பனை, பக்கத்திலேயே வாழ்ந்த மனிதர்களுக்கு நீளவில்லை என்பது என்னைத் துன்புறுத்துகிறது. புத்தகத்தைக் குழந்தைகளுக்குக் கொடுங்கள். கேட்கும் வயது வந்ததும் இதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

கே: எந்த வயதில் கொடுக்கலாம்? ஓநாய்த் தலைகள் உருள்கின்றனவே!

ப: நாற்பது ஓநாய்கள், தகர மனிதனின் கோடரியில் நாற்பது வெட்டு. உண்மைதான். எட்டு வயதுக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். அதற்கும் சின்னவர்களுக்கு நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டுங்கள்.

கே: டாரதியைப் போல உலகம் விட்டு உலகம் தாவும் கதை வேறு உண்டா?

ப: ஃபிலிப் புல்மன் எழுதி 1997இல் வந்த 'தி சட்டில் நைஃப்'. காற்றையே அறுத்து அடுத்த உலகத்துக்கு ஜன்னல் திறக்கும் கத்தி. அதைப் பெறும் வில் என்ற சிறுவன் கொடுக்கும் விலை, இரண்டு விரல்கள். முதல் பாகமான 'நார்தர்ன் லைட்ஸ்' படித்துவிட்டுத்தான் இதற்கு வர வேண்டும்.

கே: ஆஸில் அடுத்து எதைப் படிக்கலாம்? பாம் பதினான்கு எழுதியிருக்கிறாரே!

ப: 1904இல் வந்த இரண்டாவது, 'தி மார்வலஸ் லேண்ட் ஆஃப் ஆஸ்'. டாரதி இல்லை என்று ஒதுக்கிவிடாதீர்கள். பூசணிக்காய்த் தலை அழுகிவிடுமே என்று சதா பயப்படும் ஜாக் அதில்தான் வருகிறான். அரண்மனை மாடியில் எதிரிகள் சூழ்ந்து மாட்டிக்கொள்ளும்போது நண்பர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? இரண்டு சோபாக்களைத் துணிக்கொடிக் கயிற்றால் சேர்த்துக் கட்டி, இறக்கைக்குப் பனை ஓலை, வாலுக்குத் துடைப்பம், முன்னால் சுவரில் மாட்டியிருந்த மிருகத் தலை என்று ஒட்டவைத்து உயிர்ப்பொடி தூவுகிறார்கள். அது எழுந்து பறக்கிறது. தனக்கு எப்படி இப்படி ஓர் உடம்பு வந்தது என்று அந்தத் தலை வேறு குழம்பிப்போய்க் கேட்கிறது!