கார்டு வாங்கு பேராண்டி, கூடவே மனையையும் வித்துடு

ஏன்டா பேராண்டி, கிராபிக்ஸ் கார்டு வாங்கியே தீரணும்னு ஒத்தக் காலுல நிக்கிறியாமே? உங்கப்பன் சொன்னான். வாங்குடா, தாராளமா வாங்கு. ஊரப்பாக்கத்துல நமக்கு மிச்சம் இருக்கறதே அந்த அரை கிரவுண்டு மனைதான். அத்தயும் ஒரு புரோக்கர் கையில குடுத்துட்டா, கார்டு ரெண்டா வரும். ஒண்ண கம்ப்யூட்டர்ல சொருகு, இன்னொண்ணுக்குப் பொட்டு வச்சு சாமி மாடத்துல வை.

உன் கதை எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிக்காத. கிழவன் மாடியில துணி காயப் போடத்தான் வரான்னு நீ பாட்டுக்கு ஆடிக்கினு இருக்க, நான் பின்னாடி நின்னு பாத்துக்கினுதான் இருக்கேன். ‘சின்ஸ் ஆஃப் எ சோலார் எம்பயர்: ரெபெல்லியன்’. 2012ல வந்த விண்வெளிக் கப்பல் சண்டை ஆட்டம். பன்னெண்டு வருசத்துக்கு மேல ஆன ஆட்டத்துக்குப் புதுக் கார்டு கேக்கறவன் இந்த ஜிஎஸ்டி ரோடு நீளத்துக்கும் நீ ஒருத்தனாத்தான் இருப்ப. மொத ஒரு மணி நேரம் கப்பல் வழுக்கிக்கினு போவுது. மூணாவது மணி நேரத்துல படம் விக்க ஆரம்பிக்குது. கப்பலத் திரும்புன்னா அது கெரகத்தச் சுத்தி யோசிச்சு யோசிச்சுத் திரும்புது. எதிராளி வந்து உன் கோட்டைய இடிக்கிறான், நீ மேசைய இடிக்கிற.

அந்த நேரத்துல மேசைய வுட்டுட்டு, கீபோர்டுல கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேத்து அழுத்து. டாஸ்க் மேனேஜர் வரும். அதுல சிபியு 14 சதவீதம்னு காட்டும். ‘பாத்தியா தாத்தா, ப்ராசஸர் சும்மாத்தான் கீது, கார்டுதான் பத்தல’ன்னு குதிப்ப. குதிக்காத. அந்தக் கோட்டுப் படத்து மேல ரைட் க்ளிக் பண்ணி, லாஜிக்கல் ப்ராசஸர்னு மாத்திப் பாரு. எட்டுக் கட்டம் தெரியும். ஒண்ணு மட்டும் உச்சி முட்டிக்கினு நிக்கும். சில சமயம் அந்தச் சுமை கட்டம் மாறிக் கட்டம் குதிக்கும், ஆனா மொத்தமாக் கூட்டினா ஒரு ஆள் வேலதான். எட்டுல ஒண்ணு பன்னெண்டரை சதவீதம். மிச்சம் ஒன்றரை விண்டோஸ் தின்னது.

நான் நீர்க்கட்டியா இருந்தவன்டா, எனக்கு இது புதுசா? ஆயக்கட்டுல எட்டுப் பேர் மம்புட்டியோட நிப்பான். ஏரிக்கு மதகு ஒண்ணு. அதுல வர்ற தண்ணிதான் வரும். நீ மதகப் பெருசாக்காம, கழனிக்கு வரப்பு அழகாப் போடறேன்னு காசு கேக்கற. ரெபெல்லியன்ல எந்தக் கப்பல் எங்க போவுது, எந்தக் குண்டு எவன் மேல வுழுதுங்கற கணக்கெல்லாம் பெரும்பாலும் அந்த ஒத்த மதகு வழியாத்தான் போவுது. கார்டு வரையறதுக்கு மட்டும்தான். கணக்கு வராத வரைக்கும் அது எதத்தான் வரையும்?

நம்பலன்னா ஒரு காரியம் பண்ணு. படம் விக்கற நேரத்துல ரெசல்யூஷன பாதியாக் கொற. கார்டுதான் திணறுதுன்னா ஆட்டம் சட்டுனு லேசாயிடும். அப்பவும் அதே விக்கல் விக்கினா, நீ வாங்கப் போற கார்டு சாமி மாடத்துக்குத்தான் லாயக்கு. பைசா செலவில்லாத இந்தப் பரீட்சைய ரிச்சி ஸ்ட்ரீட்ல எந்தக் கடைக்காரனும் உனக்குச் சொல்ல மாட்டான். அவனும் பொழைக்கணுமில்ல.

போன தீபாவளிக்கு 32 ஜிபி ரேம் போட்டியே, அந்தக் கூத்த இன்னாத்தச் சொல்றது. உன் ஆட்டம் 32 பிட் புரோகிராம். விண்டோஸ்ல அந்த மாதிரி புரோகிராமுக்கு சாதாரணமா 2 ஜிபி வரைக்கும்தான் எடம் கெடைக்கும், தனியா அனுமதி குடுத்தாலும் 4 ஜிபியத் தாண்டாது. நீ அது மேல மாட் மேல மாடா ஏத்தற, அது ராத்திரி ஒரு மணிக்கு டெஸ்க்டாப்புல குப்புற வுழுது. ரேம் பாவம், அடுத்த ரூம்ல பாய் விரிச்சுப் படுத்திருக்குது.

சூட்டையும் சொல்லிடறேன். 2010 ஜூலையில ‘ஸ்டார்கிராஃப்ட் 2’ வந்தப்ப சில பேருக்கு கார்டு காய்ஞ்சு போச்சு. எங்கன்னு நெனைக்கிற, சண்டையிலயா? மெனு ஸ்க்ரீன்ல! ஒண்ணும் நடக்காத எடத்துல, வேகத்துக்கு வரம்பு கட்டாததால, கார்டு ஒரே படத்த நொடிக்கு எத்தினி தடவ முடியுமோ அத்தினி தடவ வரைஞ்சுக்கினே இருந்துச்சு. பிலிசார்டு கம்பெனிக்காரனே வரம்பு போடற வழியச் சொன்னான்: ஆட்டத்துக்கு 60, மெனுவுக்கு 30. நீயோ ஆட்டத்த பாஸ்ல வச்சுட்டுச் சாப்பிடப் போற. அதுவும் கத்திரி வெயில்ல, சிமென்ட் ஷீட்டுக்குக் கீழ. தூசி படக் கூடாதுன்னு உங்க பாட்டி கேபினட்டுக்குத் துண்டு வேற போத்தி வச்சிருக்கா. ப்ராசஸர் 95, 100 டிகிரிய நெருங்கினா தன் உசுரக் காப்பாத்திக்க வேகத்தத் தானே கொறச்சுக்கும். அந்தத் துண்ட எடுத்துட்டு, ஃபேன்ல அடைஞ்சு கெடக்கற ஜிஎஸ்டி ரோட்டுப் புழுதிய பிரஷ்ஷால தட்டு.

இதெல்லாம் மிஷின் கதை. ஆடறவன் கதைக்கு வருவோமா?

நீ ஏன் மூணு மணி நேரம் ஆடற? ஒரு மணி நேரத்துல முடிக்க வேண்டியத முடிக்கத் தைரியமில்லாமத்தான். நாலு கெரகத்தப் புடிச்ச ஒடனே வாசல்ல கோட்டை கட்டிக்கினு உள்ள உக்காந்துடற. கப்பல் வரம்ப ஏத்தற ஆராய்ச்சிய ஒண்ணு வுடாமப் பண்ற. அத்தப் பண்ண அந்த நிமிசத்துலேருந்து வருமானத்துல ஒரு பங்கு பராமரிப்புன்னு போவும்; கப்பல் கட்டினாலும் போவும், கட்டாட்டாலும் போவும். ஒரு தடவ ஏத்திட்டா எறக்க முடியாது. குடியே வராத வூட்டுக்கு வாடகை கட்டற புத்திசாலி நீ. காசு இல்லாம உலோகத்துக்கும் கிரிஸ்டலுக்கும் சந்தையில அலையற. எதிராளிங்க ஏழு பேரும் அதுக்குள்ள ஆளுக்கொரு படையப் பெருக்கிக்கினு இருக்கான். நீ போட்டது எட்டுப் பேர் மேப்பு, கொள்ளைக்காரங்கள வேற வுட்டு வச்சிருக்க. அத்தினி பேர் கப்பலுக்கும், உன் கேரியர்லேருந்து கெளம்பற குட்டி விமானம் ஒண்ணொண்ணுக்கும், அந்த ஒத்த மதகுதான் கணக்குப் போட்டாவணும். ஆட்டத்துல விக்கல் வர வச்சது நீதான்டா, சீமராசா.

சரி, கோட்டையாவது உருப்படியாக் கட்டினியா? இருக்கற காசையெல்லாம் ஒரே வாசல்ல கொட்டின. எதிராளி, ஆட்டத்துல வாசாரின்னு வர்ற இனத்துக்காரன். அவன் கோஸ்டுரா பீரங்கிய உன் தலைநகரத்து மேல சுட்டான். உன் கட்டடமெல்லாம் கொஞ்ச நேரம் மயங்கிக் கெடந்துச்சு, அதே எடத்துல அவன் படைக்கு வழி தொறந்துச்சு. வாசக் கோட்டை அப்பவும் வாசலத்தான் காவல் காத்துக்கினு நின்னுச்சு, பாவம், சொன்ன பேச்சு கேக்கற கோட்டை. ஒரே ஒரு வேவுக் கப்பல் அனுப்பியிருந்தா, அவன் பீரங்கி கட்டறப்பவே தெரிஞ்சிருக்கும். வேவுக் கப்பல் மலிவு. ஆனா அதுல வெளிச்சம் மின்னாதே, உனக்கு எப்படிப் புடிக்கும்?

வள்ளுவர் 48ஆம் அதிகாரம் வலியறிதல், 49 காலமறிதல், 50 இடனறிதல்னு வரிசையா வச்சுட்டுப் போனாரு. நீ மூணையும் வுட்டுட்டு யூட்யூப்ல ‘எஃப்பிஎஸ் ஏத்தறது எப்படி’ன்னு தேடற.

கூடுவாஞ்சேரிப் பசங்க உன்ன ஏன் இப்பல்லாம் ஆட்டத்துக்குக் கூப்பிடறதில்ல, தெரியுமா? இந்த மாதிரி ஆட்டங்கள்ல ஆயிரம் கப்பலோட நெலமையையும் நெட்டுல அனுப்ப முடியாது. ஆளாளுக்குக் குடுத்த கட்டளைய மட்டும் அனுப்பி, எல்லா மிஷினும் ஒரே கணக்க ஒரே நேரத்துல போடும். ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்’ பண்ணவங்க 28.8 மோடம்ல 1,500 வில்லாளிய ஓட்டினது இந்த வழியிலதான். பால் பெட்னர், மார்க் டெரானோன்னு ரெண்டு பேர் 2001ல அத்த எழுதியே வச்சிருக்காங்க. இதுல ஒரு சங்கடம், மெதுவான மிஷினுக்காக எல்லாரும் காத்திருக்கணும். உன் துண்டு போத்தின கம்ப்யூட்டருக்காக நாலு வூட்டுப் பசங்க கொட்டாவி வுட்டுக்கினு ஒக்காந்திருந்தா, எத்தினி நாளைக்குடா பொறுப்பாங்க?

புதுசுதான் வோணும்னா உன் ‘சின்ஸ்’ ஆட்டத்துக்கே ரெண்டாம் பாகம் இருக்கு, 2024 ஆகஸ்ட்ல ஸ்டீம்ல வந்தது. அது 64 பிட், வேலைய பல கோருக்குப் பிரிச்சுக் குடுக்கற எஞ்சின். அங்க உன் 32 ஜிபி ரேமுக்குத் தூக்கம் கலையும். அதுக்காக மெதப்புல இருக்காத, அதுல பீரங்கி ஒண்ணொண்ணும் தனித்தனியாத் திரும்பிக் குறி வைக்கும், ஏவுகணைய வழியிலேயே சுட்டு வுழ்த்தலாம், கெரகமே சூரியனச் சுத்தி நகரும். கெரகம் நகர நகர வழியும் மாறும். நீ வாசல்ல கட்டின கோட்டை அடுத்த அரை மணியில யார் வூட்டுக் கொல்லைப்புறமாவோ போயிருக்கும். உன்ன மாதிரி ஆளுக்குன்னே பண்ணியிருக்கான் அந்த ஆட்டத்தப் பண்ண கனடா கம்பெனிக்காரன்.

மாத்தியே ஆவணும்னா ப்ராசஸர மாத்து. 2022ல ஏஎம்டி ‘5800எக்ஸ்3டி’ன்னு ஒண்ணு வுட்டான், மூளைக்குப் பக்கத்துலயே 96 எம்பி கேஷ். கணக்கு நெறைய இருக்கற ஆட்டத்துக்கு அந்த வகையறா நல்லா ஒழைக்கும். உன் போர்டுக்கு அது சேருமான்னு கேட்டுக்கினு வாங்கு. சேராதத வாங்கிக்கினு வந்து அதுக்குன்னு போர்டு கேட்டின்னா மனை நெசமாவே போயிடும்.

இப்போதைக்கு நாளைக்குக் காலம்பற பீச் லோக்கல் ஏறி எழும்பூர்ல எறங்கு. ரிச்சி ஸ்ட்ரீட்ல ப்ராசஸர் சூட்டுக்கு ஒரு தெர்மல் பேஸ்ட் ட்யூபு, புழுதிக்கு ஒரு பிரஷ்ஷு. அவ்ளோதான். கார்டுக்குன்னு உங்கப்பன்கிட்ட வாங்கின காசுல மிச்சத்த என்னாண்ட குடு. கீழ்ப் பல்லு செட்டு ஆடுதுடா, முறுக்கு கடிச்சு ஆறு மாசம் ஆவுது.